நல்ல நான்கு டயர்கள்

ஆகஸ்ட் 7, புதன்

டயர் லாரி காலை பத்துக்கு வர வேண்டியது, பன்னிரண்டரைக்கு வந்தது. எங்கள் பந்தய அணியின் இரண்டு காருக்கும் சேர்த்து நாற்பத்தெட்டு டயர். இறக்கி, துடைத்து, ஒவ்வொன்றையும் எடை போட்டு, இரும்பு டேப்பால் சுற்றளவு எடுத்து, ரப்பர் எவ்வளவு கெட்டி என்று அழுத்திப் பார்த்து, நோட்டில் எழுதி முடிக்கும்போது மணி ஐந்து. இடுப்பு கழன்றுவிட்டது.

வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் ஒரே கறுப்பு. ஒரே அச்சில் வார்த்ததுதான். ஆனாலும் ஒன்று அரை மில்லிமீட்டர் பெரிதாக இருக்கும், ஒன்று நூறு கிராம் கூட இருக்கும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற நாலைத் தேடிச் சேர்ப்பதுதான் என் வேலை. பன்னிரண்டு செட் சேர்த்தால் ஒன்றுதான் அச்சு அசலாக அமையும். அந்த நாலைப் போட்ட கார் திருப்பத்தில் சொன்ன பேச்சு கேட்கும். பதினாறு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன். எந்த செட் எந்தக் காருக்கு என்று பிரிப்பதும் நான்தான். இதுவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

வேலை முடிகிற நேரத்துக்குச் சுட்டி வந்தான். முதல் காரை ஓட்டுகிறவன், இருபத்திரண்டு வயது. டயர் அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்து, என் டீயில் பாதியைக் குடித்துவிட்டு, "மாமா, ஜெயிச்சா பாதிக் கோப்பை உங்களுக்குத்தான்" என்றான். பாதிக் கோப்பையை வைத்து நான் என்ன செய்வது, கைப்பிடி எந்தப் பாதி என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான்.

இரண்டாவது காரை ஓட்டுகிறவருக்கு முப்பத்திரண்டு வயது. வாசலோடு நின்று, "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். மௌனசாமி என்று பட்டப்பெயர். நான் வைத்ததில்லை. சரி, நான் வைத்ததுதான்.

ஆகஸ்ட் 10, சனி

தகுதிச் சுற்று. சுட்டி மூன்றாவது, மௌனசாமி ஏழாவது. இருவருக்கும் நடுவில் ஒரு வினாடியில் நூற்றில் பன்னிரண்டு பங்கு. கண் இமைக்கிற நேரம்கூட இல்லை, அதற்குள் மூன்று கார் நுழைந்துவிட்டது.

பத்திரிகைக்காரர் ஒருவர் முதலாளியிடம் இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறீர்களா என்று கேட்டார். "ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு கண்ணு மாதிரி" என்றார் முதலாளி. பத்திரிகைக்காரர் போனபிறகு எங்களைக் கூட்டி, அடுத்த வருஷம் இந்த இருவரில் ஒருவருக்குத்தான் இடம், இன்னொரு காருக்கு வேறு ஆள் பேசியாகிவிட்டது என்றார். "நான் யாரையும் தள்ளல. கடிகாரம் சொல்லட்டும்."

நியாயமாகத்தான் பட்டது.

ஆகஸ்ட் 12, திங்கள்

மூக்குக்கு மேல் கோபம். எழுதினால்தான் தணியும்.

டயர் கொட்டகையில் தனியாக இருந்தேன். மௌனசாமி உள்ளே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு காருக்கும் போற டயர்ல ஏதாவது வித்தியாசம் இருக்குமா?" என்று கேட்டார்.

என்னிடம்! பதினாறு வருஷத்தில் ஒரு டயர் காற்றழுத்தம் தப்பியதில்லை, ஒரு நட்டு தளர்ந்ததில்லை. ஆளுக்கு ஆறு செட், எண்ணிக்கோங்க என்றேன். "எண்ணிக்கை சரிதான் சார். நான் கேட்டது..." என்று இழுத்தார். என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. திருடன் என்று நேரே சொல்ல வேண்டியதுதானே? வேகம் இல்லாதவர்களுக்கெல்லாம் டயர்தான் குற்றவாளி.

நேரே முதலாளி அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

எல்லோர் முன்னாலும் முதலாளி அவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். "ஓட்டத் தெரிஞ்சா ஓட்டு. என் ஆளுங்க மேல பழி போடாத." மௌனசாமி முகத்தில் ஈயாடவில்லை. என் பக்கம் திரும்பி, "மன்னிச்சிருங்க சார்" என்றார்.

எனக்கு நன்றாகத்தான் இருந்தது. இன்றைக்கு அப்படித்தான் இருந்தது என்று எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மனைவி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தாளிலும் பெயர் இருக்கும் மூலையை மடித்து ஊக்கு குத்தியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அப்படி உத்தரவா என்று கேட்டேன்.

"உத்தரவெல்லாம் இல்லைங்க. எனக்குச் சில பிள்ளைங்கள ரொம்பப் பிடிக்கும். பேர் தெரிஞ்சா கை தானா அரை மார்க் சேர்த்துப் போட்டுருது. மனசு அறியாது, கை போட்டுரும்."

இருபது வருஷம் வாத்தியார் வேலை பார்க்கிறவள் தன்னையே நம்பவில்லையே என்று கேலி செய்தேன். "நம்பாமத்தான் இருபது வருஷம் ஓடுச்சு" என்றாள்.

ஆகஸ்ட் 21, புதன்

இன்று கொட்டகையில் வேலை குறைவு. சும்மாதான் நோட்டை எடுத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த வருஷம் இதுவரை ஒன்பது பந்தயம். ஒவ்வொன்றிலும் மிக நன்றாக ஒத்துப்போன செட் எது, அது எந்தக் காருக்குப் போனது என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. எட்டு தடவை சுட்டிக்கு. எட்டு!

முதலில் ஒரு சமாதானம் தோன்றியது. நான் எப்போதும் இடது கோடியிலிருந்து பிரிக்க ஆரம்பிப்பேன், இடது அலமாரி முதல் காருடையது, கை பழக்கம். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்புறம் ஞாபகம் வந்தது — ஜூன் கடைசியில் கூரை ஒழுகியதால் அலமாரியை வலது பக்கம் மாற்றினோம். அதற்குப் பிறகும் நல்ல நாலு அதே அலமாரிக்குத்தான் போயிருக்கிறது. கை இருபதடி நடந்து போய்க் கொடுத்திருக்கிறது.

யாரும் சொல்லவில்லை. முதலாளி சொல்லவில்லை, சுட்டி கேட்கவில்லை. ஒருவன் மாமா என்கிறான், ஒருவர் சார் என்கிறார். அவ்வளவுதானா? அவ்வளவுக்குத்தானா?

மிச்சமிருந்த அந்த ஒன்று — ஏப்ரலில் எனக்குக் காய்ச்சல், இரண்டாம் காரின் மெக்கானிக்தான் பிரித்தார். அந்தத் தடவை மௌனசாமி இரண்டாவதாக வந்தார். குருட்டு அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சிரித்தோம்.



ஆகஸ்ட் 31, சனி

கடைசிப் பந்தயத்துக்கான தகுதிச் சுற்று. டயரைச் சேர்த்து முடித்ததும் செட்டுக்கு ஒரு எண் போட்டு, சீட்டு எழுதி, தலைக்கவசத்துக்குள் போட்டுக் குலுக்கினேன். இரண்டு காரின் மெக்கானிக்குகளையும் கூப்பிட்டு மாறி மாறி எடுக்கச் சொன்னேன். "என்ன மாமா, புதுசா சீட்டாட்டம்?" என்றான் சுட்டி. அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவனுக்கும் எதுவும் தெரியாது.

தகுதிச் சுற்றுக்கென்று எடுத்த சீட்டில் இருவருக்கும் நடுத்தரமான செட்தான் விழுந்தது. மௌனசாமி மூன்றாவது. சுட்டி ஐந்தாவது.

 ஓடிப்போய் இரண்டாம் காரின் மெக்கானிக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் கையை உருவிக்கொண்டார். "இப்ப எதுக்குங்க? வியாழக்கிழமையே அவருக்கு லெட்டர் குடுத்துட்டாங்க. அடுத்த வருஷம் இடமில்லைன்னு."

சுட்டி வந்து, கார் இன்றைக்குச் சொன்னபடி கேட்கவில்லை மாமா என்றான். நான் டயரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

முதலாளியிடம் நோட்டைக் கொண்டுபோய் விரித்தேன். பொறுமையாகப் பார்த்தார். மனுஷர் கத்துவார் என்றுதான் போனேன், கத்தவில்லை.

"நான் அப்படிச் செய்யச் சொன்னேனா?"

"இல்லைங்க."

"அவன் உனக்கு ஏதாவது குடுத்தானா?"

"ஐயோ, இல்லைங்க."

"அப்புறம் என்னப்பா? யாரும் சொல்லல, யாரும் வாங்கல. நடந்தது தப்பே இல்ல. அதோட, லெட்டரைத் திருப்பி வாங்கினா நான் ஊருக்கெல்லாம் என்ன சொல்றது? போய் வேலையைப் பாரு."

வெளியே வரும்போது நிம்மதியாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. கைகழுவும் தொட்டிக்குப் போகும்வரை இருந்தது.

செப்டம்பர் 5, வியாழன்

மௌனசாமி வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. அவரேதான் கதவைத் திறந்தார், இறங்க மறுக்கும் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி, நாற்காலியில் கிடந்த துணியை எடுத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றார்.

உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றுகொண்டே சொன்னேன். எட்டு பந்தயம், நல்ல நாலு, அலமாரி, நீங்கள் கேட்ட அன்று நான் கோபப்பட்டது, முதலாளியிடம் போட்டுக்கொடுத்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

 சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவிதான் பேசினார். "வருஷம் பூரா இவர் என்ன பண்ணாருன்னு தெரியுமா உங்களுக்கு? கண்ணு மங்கிடுச்சோன்னு ரெண்டு டாக்டர்கிட்ட போனாரு. எடை கூடிடுச்சோன்னு பாதி வயிறு சாப்பிட்டாரு. கண்ணும் நல்லாத்தான் இருந்துச்சு, எடையும் நல்லாத்தான் இருந்துச்சு. இதெல்லாம் எதுக்குங்க?"



மௌனசாமி மெதுவாகச் சொன்னார். "ஜூன்ல இன்னொரு டீம்ல கூப்பிட்டாங்க சார். நான்தான் வேணாம்னுட்டேன். எனக்கு வேகம் போயிடுச்சு, உங்கள ஏமாத்த விரும்பலன்னு சொல்லிட்டேன்."

அவர் திட்டியிருக்கலாம். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கலாம். மரியாதையாக ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: நீங்கள் சொன்னதை எழுதி, நோட்டுப் பக்கங்களையும் நகலெடுத்து, கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா? அந்த அணிக்காரர்களிடம் காட்டிப் பார்க்கலாம்.

கட்டாயம் தருகிறேன், நாளைக்கே தருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

எழுதவில்லை. சொந்த அணியின் நோட்டை வெளி அணிக்குக் கொடுத்தவனை இந்தத் தொழிலில் எவன் வாசல்படி ஏற்றுவான்?

செப்டம்பர் 8, ஞாயிறு

இரண்டு வரி எழுதிக் கிழித்தேன். 'என்னை அறியாமல்' என்று ஆரம்பித்திருந்தேன். அது உண்மையா?

செப்டம்பர் 11, புதன்

இன்றும் இல்லை.

செப்டம்பர் 14, சனி

மனைவி கேட்டாள்: "அந்த லெட்டர் என்னாச்சு?"

யோசிக்கிறேன் என்றேன். வேலை போனால் ஐம்பத்தொரு வயதில் எங்கே போவது, எனக்கு வேறு என்ன தெரியும், உனக்கென்ன தெரியும் இதெல்லாம் என்று குரலை உயர்த்தினேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"பயம்தானேங்க? பயமா இருக்குன்னு சொல்லுங்க. யோசிக்கிறேன்னு சொல்லாதீங்க. அந்த மனுஷன் அங்க தபால்காரன் வர்ற நேரமெல்லாம் வாசல்ல நிப்பாரு."

பயமாகத்தான் இருக்கிறது. எழுதினேன். 'எனக்குப் பிடித்தவனுக்குக் கொடுத்தேன்' என்று எழுதினேன். ஒரு பக்கம்கூட நிறையவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

தபாலில் சேர்த்துவிட்டேன். நாளைக்கே என்று சொன்னது பதினொரு நாள் ஆகிவிட்டது.

அக்டோபர் 1, செவ்வாய்

விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது. கூப்பிட்டார். வேலை போச்சு என்று மூட்டை கட்டிக்கொண்டுதான் போனேன். முதுகில் தட்டி, "ரொம்ப நல்லவன்யா நீ. ஊர்ல எவன் லெட்டரைப் படிக்கிறான்? அடுத்த வருஷத்துக்குப் புது டேப் வாங்கிக்கோ" என்றார். அவ்வளவுதான். இத்தனை நாள் இதற்கா பயந்தேன்?

அக்டோபர் 9, புதன்

மௌனசாமி போன் செய்தார். நேற்று அந்த அணிக்காரர்கள் அவரை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்களாம். லெட்டர் ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தால் முழு நாள் கொடுத்திருப்பார்களாம். வேறொருவருக்கும் நாள் ஒதுக்கிவிட்டதால் அரை நாள்தான் கிடைத்தது. அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டதால் சொன்னார்.

"கார் நல்லா இருந்துச்சு சார். டயரும் நல்லா இருந்துச்சு, ஒரு குறை சொல்ல முடியாது. அந்தப் பெரிய திருப்பம் இருக்குல்ல, அங்க போகும்போது ஆக்சிலேட்டர்ல இருந்து கால் தானா எடுத்துருச்சு. அடுத்த சுத்துல எடுக்கக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டே போனேன். அப்பவும் எடுத்துருச்சு."

அந்தத் திருப்பத்தில் நாங்கள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறோம். அவர் கால் எடுத்ததே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் யார் எங்கே கால் எடுத்தார் என்று காட்டும் வரைபடம் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கும், அவர் எங்களிடம் இருந்த இந்த இரண்டு வருஷமும் நான் பார்த்திருக்கிறேன். சுட்டிகூட அங்கே கால் எடுப்பான். அதைச் சொன்னேன்.

"அப்படியா சார்? யாரும் சொல்லலையே" என்றார்.

இடம் இன்னொருவருக்குப் போய்விட்டது. திங்கள்கிழமை முதல் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்கிறாராம். புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். "பயப்படாம ஓட்டச் சொல்லிக் குடுக்கணுமாம் சார், என்னைப் போயி" என்று சொல்லிச் சிரித்தார். இரண்டு வருஷத்தில் அவர் சிரித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை.