வலைக்கு அந்தப் பக்கம் தாய்

2024 ஜூலை 24, புதன்

கருவாட்டுக்கு உப்புப் போட்டுவிட்டு றொமேஷோடு களப்புக்குப் போனேன். இந்த மாதங்களில் வெளிக்கடல் கொந்தளிக்கும். கற்பிட்டியில் எல்லாப் படகும் அலை இல்லாத களப்புக்குள்தான். இன்று வலை இழுக்க ஆள் வரவில்லை, பெண்சாதி நான்தான் ஆள்.

கடற்புல் அடர்ந்த இடத்தில் போகும்போது பக்கத்தில் யாரோ பெரிதாக மூச்சு விட்டார்கள். மனிதர் என்றே நினைத்தேன். திரும்பினால் சாம்பல் நிற முதுகு, எங்கள் சாப்பாட்டு மேசையைவிட நீளம். மூக்குத் துளை இரண்டும் திறந்து மூடின. பிறகு கீழே போய்ப் புல்லை வேரோடு பிடுங்கித் தின்றது. அதன் துடுப்புக் கைக்கு அடியில் ஒரு குட்டி.

கடற்பசு! படத்தில்தான் கண்டிருக்கிறேன். எனக்கு வாயடைத்துப்போயிற்று. எனக்கு! றொமேஷே சிரித்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லாத. இறைச்சிக்கு அலையிற ஆக்கள் இருக்கிறாங்க" என்றார்.

ஜூலை 27, சனி

சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம். பக்கத்து வீட்டு பஸீனாவிடம் நுனி நாக்குவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

தலவில கோயில். புனித அன்னம்மா திருநாளுக்கு வந்து கூடாரம் அடித்தாயிற்று.

போன வருடம் காற்றில் படகு கவிழ்ந்து, இவர் வெறும் பிளாஸ்டிக் எண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்தபடி விடியும்வரை கடலில் கிடந்தார். அப்போது வைத்த நேர்த்திக்கடன் இது. திருநாளுக்கு வருமுன் திருக்கை வலையைப் போட்டுவிட வேண்டும். திருநாள் பூசை முடிந்த பிறகுதான் தூக்கலாம். வலையில் படுவதெல்லாம் கோயிலுக்கு. இன்று வலையைப் போட்டுவிட்டுத்தான் வந்தாராம். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஆகஸ்ட் 3, சனி

வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது வலையை எங்கே போட்டீர்கள் என்று சும்மா கேட்டேன்.

"புல்லுக்குக் கிட்ட. திருக்கை அங்கதானே வரும்."

கோப்பையைக் கீழே வைத்தேன். "அதுகள் மேயிற இடமெல்லோ! வலையில மாட்டினா மேல வந்து மூச்சு விட ஏலுமா? செத்துப்போகுமே!"

அவர் அதை நினைக்கவே இல்லை. முகம் வெளுத்தது. ஆனாலும், "நேர்த்தி வலை, மெரினா. பூசைக்கு முன்னம் தூக்கினா அடுத்த முறை கடல் என்னை விடாது."

பஸீனாவின் புருஷன் ஹயாத்து முகம்மது நானாவுக்குப் போன் எடுத்து வலையைத் தூக்கிவிடச் சொன்னேன். "மத்தவன்ட வலைல கை வைக்க ஏலா தங்கச்சி. றொமேஷ்ட வாயால ஒரு சொல்லு வரணும்" என்றார். எங்கள் கரை வழக்கம் அது; அவரைக் குறை சொல்ல முடியாது. போனை நீட்டினேன். இவர் வாங்கவில்லை. எழும்பிக் கோயிலுக்குள் போய்விட்டார்.

பயந்தாங்கொள்ளி என்று வாய்க்குள் திட்டினேன். பிறகு வெட்கமாக இருந்தது. கடலில் கிடந்தவர் அவர்தானே, நான் இல்லையே.

திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "வா. நானே தூக்கிறன்."

ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, படகில் ஏறினோம். தூரத்திலேயே இஞ்சினை நிறுத்திவிட்டார். வலையின் அந்தப் பக்கம் தாய். இந்தப் பக்கம் குட்டி. தாய் மேலே வந்து மூச்சு விடும், வலைவரை வரும், திரும்பும். குட்டி கோழிக்குஞ்சு மாதிரிக் கத்தியது. அவ்வளவு பெரிய சீவனின் பிள்ளைக்கு அவ்வளவு சின்னக் குரல்!

கையாலேயே இழுத்தோம். "அன்னம்மா தாயே, கோவிக்காதீங்க" என்று ஒவ்வொரு இழுவைக்கும் அவர் சொன்னார். வழி திறந்ததும் குட்டி எங்கள் படகுக்கு அடியால் நழுவித் தாயிடம் போனது. தாய் உடனே ஓடவில்லை. பக்கத்திலேயே மேலே வந்து மூச்சை விட்டது. அந்த ஈரம் என் முகத்தில் விழுந்தது. பிறகு இரண்டும் ஒன்றாகக் கீழே போயின. இதைக் காண எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

வலையில் ஒன்றும் இல்லை. கோயிலுக்குக் கொடுக்க ஒரு மீன்கூட இல்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அங்கே பூசை நடந்திருக்கும். நாங்கள் வீட்டில்.

ஆகஸ்ட் 10, சனி

தொழிலுக்குப் போகவே இல்லை. காற்று என்கிறார். காற்றா? மற்றப் படகெல்லாம் போய் வருகின்றனவே. தூக்கத்தில் திடுக்கிட்டு எழும்புகிறார். இந்த மனுஷனை நான்தான் கெடுத்துப்போட்டேனா? ஆனாலும் திரும்பக் கேட்டால், தூக்கு என்றுதான் சொல்வேன்.

ஆகஸ்ட் 14, புதன்

எழும்பிப் பார்த்தால் ஆளும் இல்லை, படகும் இல்லை. மத்தியானம் தாண்டியும் காணவில்லை. செபமாலையோடு கரையிலேயே நின்றேன். கடல் விடாது, கடல் விடாது என்று அவர் சொன்னதே காதுக்குள்.

பொழுது சாயும்போது வந்தார். படகில் மீன் இல்லை. வலை நனையவும் இல்லை.

"எங்க போனீங்க? உயிர் போச்சு எனக்கு!"

"அங்கதான். இஞ்சினை நிப்பாட்டிப்போட்டுச் சும்மா இருந்தன். அதுகள் கிட்ட வந்திச்சு, மெரினா. எனக்குக் கடல்ல பயமே வரேல்ல."

திட்ட வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. சோறு போட்டேன். பானையை வழித்துச் சாப்பிட்டுவிட்டார்.