நாம் பார்க்காமல் வந்த முடிவு

இன்று காலை எழுந்ததும் பல் கூடத் தேய்க்கவில்லை. நேராக டி.வி. முன்னால் போய் உட்கார்ந்து, உன் மகள் பிரியா நேற்று கொடுத்துவிட்டுப் போன டிவிடியைப் போட்டேன். பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கிய மட்டமான பிரின்ட். ஆரம்பம் எனக்குத் தேவையில்லை. ரிமோட்டை அழுத்திக்கொண்டே போய், அந்த டைப்பிஸ்ட் பெண் பெட்டியோடு ரயில்வே பிளாட்பாரத்தில் நிற்கும் இடத்தில் நிறுத்தினேன். அந்த இடம் உனக்குத் தெரியும். நீயும் நானும் எழுந்து வெளியே வந்த இடம்.

பதினைந்து வருடம் கழித்து மிச்சத்தைப் பார்த்தேன். புருஷன் ஓடி வருகிறான். அடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குழந்தை அழுகிறது என்கிறான். அவள் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவன் காலில் விழுகிறாள். டீ விற்கிறவன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். வணக்கம் போட்டுவிட்டார்கள்.

அந்தப் படத்தை எடுத்தவன்மேல் வந்ததைவிட உன்மேல்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. செத்துப்போனவள்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன்.

அப்போது அணுமின் நிலையக்காரர்களுக்கான அணுபுரம் குவார்ட்டர்ஸில் எதிரெதிர் வீடு நமக்கு. நீ சதுரங்கப்பட்டினத்துக்காரி, நான் விழுப்புரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டுக்காரர்கள் ஆபீஸ் பஸ் ஏறியதும், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுச் செங்கல்பட்டுக்குக் காலைக் காட்சிக்கு ஓடுவோம். படம் முடியும்வரை உட்கார்ந்தால் திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸில் வந்தால் பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பார்கள், விஷயம் உன் வீட்டுக்காரர் வரை போகும். அதனால் எந்தப் படத்தையும் நாம் கடைசிவரை பார்த்ததில்லை.

மிச்சத்தைப் பஸ்ஸில் நீ முடித்துவைப்பாய்.

"ரயிலு வருது. ஏறிக்கினா. ஜன்னல் சீட்டு. யாரும் தெரியாத ஊர்ல எறங்கி, நேரா ஓட்டலுக்குப் போய் நாஸ்தா துன்றா. நாலு இட்லி, யாருக்கும் மிச்சம் வெக்கல. அப்பறம் இன்னொரு காபி கேக்குறா."

"வேலைக்கு என்ன செய்வா?" என்று நான் கேட்டேன்.

"டைப்படிக்கத் தெரியும்டி அவளுக்கு. உனுக்கு இன்னா கவல?"

முன் சீட்டில் கீரைக்கூடையோடு இருந்த அம்மா திரும்பினாள். "அந்தப் புருசங்காரன் இன்னா ஆனான்?"

"அவன் கெடக்குறான், வூட்ல சோறாக்கிகினு."

கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார். "யக்கா, நானும் அந்தப் படம் பாத்தேன். அப்டி ஒண்ணும் வர்லியே."

"நீ தூங்கிகினு இருந்திருப்ப அண்ணாத்த."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ரேஷன் வரிசையில் நின்றாலும் யாருக்காவது படம் சொல்லிக்கொண்டிருப்பாய். "பாட்டுக்காகப் பாக்காதீங்க. சண்ட வந்தா வெளிய போய் முறுக்கு வாங்கினு வாங்க. அவ மொகத்த மட்டும் பாருங்க" என்பாய். இந்த டைப்பிஸ்ட், வேலையை விடச் சொன்னதும் யூனிஃபார்மை அரிசிப் பானையில் ஒளித்து வைத்த நர்ஸ், அண்ணன் தம்பிகளிடம் லாரி சாவியைத் தர மறுத்த விதவை. இந்த மூவரையும் பார்க்காமல் செத்துவிடாதீர்கள் என்று தெரு முழுக்கச் சொன்னாய். படத்துக்குப் பேர்கூட உனக்கு ஞாபகம் இருக்காது. அவள் எந்த இடத்தில் பேசாமல் நின்றாள் என்பது மட்டும் மறக்காது.

பிற்பாடு தியேட்டரில் எப்போதும் எனக்கு இடப் பக்கமே உட்காருவாய். உன் இடது காது கேட்காது. என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, சின்ன வயதில் கடலில் முழுகியபோது தண்ணீர் புகுந்துவிட்டது என்றாய். அதற்கு முந்தின மாதம்வரை இரண்டு காதும் கேட்டுக்கொண்டிருந்தது எதிர்வீட்டுக்காரி எனக்குத் தெரியாதா? "வசனத்துக்கு ஒரு காது போதும்டி" என்று நீயாகத்தான் சொன்னாய்.

கேபிள் வந்த பிறகு ஒரு மத்தியானம் என் வீட்டில் இதே படம் ஓடியது. பிளாட்பாரம் வந்ததும் நீ எழுந்து டி.வி.யை அணைத்தாய். இப்போதுதான் பஸ் பிடிக்க வேண்டியதில்லையே, உட்கார்ந்து பார் என்றேன். "வேணாம்டி. நம்மகிட்ட கீறதே நல்லா கீது" என்றாய். கண்டக்டர் சொன்னதை நீ அன்றே நம்பிவிட்டாய் என்று எனக்கு அப்போது புரிந்தது.

நீ காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகுதான் பிரியாவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல சம்பளம். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எடுக்கிறான். வருடம் திரும்புவதற்குள் அவள் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். நேற்று உன் வீட்டுக்காரர் குவார்ட்டர்ஸிலிருந்து அவளை, நாங்கள் கட்டிக் குடிவந்த இந்த வீட்டுக்கு அழைத்து வந்தார்.

"ஞாயித்துக்கெழம கொண்டுபோய் வுட்டுட்லாம்னு கீறேன் தங்கச்சி. நீ ஒரு வார்த்த சொல்லு. அவங்கம்மா எப்படியெல்லாம் பொறுத்துப் போனா. நீதான் கூட இருந்து பாத்தியே" என்றார். காபி நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

பிரியா சமையலறைக்கு வந்து டிவிடியை என் கையில் வைத்தாள்.

"இத மட்டும் பாத்துடு பாத்துடுன்னு அம்மா எத்தன தடவ சொல்லுவாங்க. இப்பதான் பாத்தேன் ஆன்ட்டி. கடைசில அவ திரும்பிப் போயிடறா. அம்மா எனக்கு அதத்தான் சொல்லிவெச்சிருக்காங்க போல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். உன் சிரிப்பு. அவள் முழங்கைக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கூடத்திலிருந்து அவள் அப்பா கூப்பிட்டுவிட்டார்.

ஏன் இப்படிச் செய்தாய்? கீரைக்காரிக்குச் சொன்னாய். கண்டக்டரோடு சண்டை போட்டுச் சொன்னாய். பெற்ற பெண்ணிடம் மட்டும் 'பார்' என்பதோடு நிறுத்திக்கொண்டாய். வீட்டில் அவர் இருந்தார், காதில் விழும் என்று பயம், அதுதானே? கதையில் எத்தனை பேரை ரயிலேற்றிவிட்டாய். நாம் படம் பார்த்த தியேட்டரிலிருந்து செங்கல்பட்டு ஸ்டேஷன் நடக்கிற தூரம். ஒரு நாளாவது அந்தப் பக்கம் திரும்பினாயா? நீ வாயை மூடிக்கொண்டு கிடந்ததற்கு அவர் இப்போது பொறுமை என்று பெயர் வைத்து, உன் பெண்ணுக்கு முன்னால் நீட்டுகிறார். அதற்கு நான் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

இன்றைக்கும் யாராவது நல்ல படம் சொல்லுங்கள் என்றால் நான் நீ சொன்ன மூன்றைத்தான் சொல்கிறேன். யோசித்தால், அவற்றில் எனக்குப் பிடித்தது எதையும் எந்தத் திரையிலும் யாரும் காட்டவில்லை. இனிமேல் அவற்றைப் பார்க்கச் சொல்ல மாட்டேன். உட்காரவைத்து முழுக் கதையையும் நானே சொல்வேன், இரண்டாவது காபி வரை.

பையன் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து மாடி அறை சும்மா கிடக்கிறது. ஞாயிறு வரை பொறுக்கப்போவதில்லை. நாளைக் காலை அணுபுரம் போய் பிரியாவைக் கூப்பிடப்போகிறேன். வருவாளா தெரியாது. வந்தால், எத்தனை மாதமானாலும் இங்கேதான். உன் வீட்டுக்காரர் தெருவில் நின்று கத்துவார். என் வீட்டுக்காரர் அடுத்தவர் குடும்பம் நமக்கெதற்கு என்பார். இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. அவளிடமும் இன்னும் சொல்லவில்லை.

பையனின் மெத்தையை இறக்கி வெயிலில் போட்டிருக்கிறேன். எதற்கு என்று இவர் கேட்டார். மழைக்காலம் வருகிறது என்றேன்.