நேரான விரல்கள்

2006 ஆகஸ்ட், செவ்வாய் இரவு. சிட்லபாக்கம்.

தூக்கம் வரவில்லை. செல்வத்தின் கை கண்ணிலேயே நிற்கிறது.

என்னிடம் கைப்பயிற்சிக்கு வரும் மீனவர்; படகு கவிழ்ந்து கழுத்து முறிந்தவர். கால்கள் செயலிழந்துவிட்டன, கைகளில் மணிக்கட்டை மட்டும் தூக்க முடியும். தூக்கினால், லேசாக மடங்கி இறுகியிருந்த விரல்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். போன மாதப் பரிசோதனையில் அந்தப் பிடியில்தான் பிளாஸ்டிக் டம்ளரைத் தூக்கித் தண்ணீர் குடித்தார். இன்று டம்ளர் நழுவிக்கொண்டே இருந்தது. விரல்கள் தொளதொளவென்று கிடந்தன.

அவர் மனைவி அஞ்சலைக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"மீன் வித்துட்டு வந்ததும் தெனம் எண்ண தேச்சி இழுத்து வுடுவேன் மேடம். கோணிகினு இருந்த வெரலு இப்ப எப்டி நேரா கீது பாருங்க!"

அந்த இறுக்கம்தான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே பிடி.

அவள் டீ வாங்கப் போனதும் கேட்டேன். "விரலை நீட்டி இழுக்கக் கூடாதுன்னு உங்ககிட்ட சொன்னேனே அண்ணா. அவங்ககிட்ட சொல்லலையா?"

"சொல்லல மேடம். தெனம் அழுவுது. என் கைய நீவிகினு இருக்கும்போது மட்டுந்தான் அழுவாம கீது."

அவள் திரும்பி வந்து டீயை ஆற்றி அவருக்குப் புகட்டினாள். நாளையும் வரச் சொல்லிச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

நீவுவதை நிறுத்தினால் விரல்கள் மறுபடி இறுகலாம். நாளையே அவளிடம் சொல்லியாக வேண்டும்.

சொன்னால் அவர் கையிலிருந்து தன் கையை எடுத்துவிடுவாள்.