தேசிக்காய் தேய்க்காத கை

மருதமுனை,
செவ்வாய்க்கிழமை.

நிப்லாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகளும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? என் தம்பி றாஸிக் நாளை கத்தாருக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். போனில் கதைக்கலாம்தான். ஆனால் போனை எடுத்ததும் மகள் பக்கத்தில் வந்து நிற்கிறாள். நீங்களும் பாதிக் கதையில் சரி சரி என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

மகளுக்குக் கட்டும் வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. மேசன் ஒரு ஜன்னலைக் கோணலாக வைத்திருந்தார். ஏசிப்போட்டு, கழற்றி வைக்கச் செய்தேன்.

சம்மாந்துறை மாப்பிள்ளை வீட்டார் சனிக்கிழமை வந்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் நிக்காஹ் என்று நீங்கள் அங்கிருந்தே ஓம் சொல்லிவிட்டீர்கள், வட்டிலப்பம் அவித்தவள் நான்! மாப்பிள்ளையின் தாய் மோதிரம் போட நிப்லாவின் கையைப் பிடித்தார். பிடித்த வேகத்திலேயே விட்டுவிட்டார். விரலெல்லாம் செம்மண் நிறக் கறை. மோதிரத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு, தேத்தண்ணியைக்கூட முழுக்கக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

மறுநாள் கல்யாணம் பேசிய சுபைறா ராத்தா வந்து, "புள்ளைக்கு வேற எங்கயும் பேசி மருதோண்டி போட்டயா ஸாலிஹா?" என்று கேட்கிறா. யா அல்லாஹ், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அது மருதோண்டியில்லை, கொண்டிஸ். நம் கிணற்றுக்குப் போடுவோமே ஊதா மருந்து, அதேதான். இரசாயனவியல் செய்முறை வகுப்பில் கையில் ஊற்றிக்கொண்டாளாம். விளங்கப்படுத்தி அனுப்பினேன். அவர்களும் சமாதானமாகி, வரும் வெள்ளிக்கிழமை மோதிரத்தோடு வருகிறார்களாம். கூடவே ஒரு சொல்லும் வந்தது: நிக்காஹ்வுக்குப் பிறகு பரீட்சையெல்லாம் எதற்கு, படித்தது போதும்.

அன்று பின்னேரம் ஒரு தேசிக்காயை வெட்டிக் கொடுத்து, தேய்த்துக் கழுவச் சொன்னேன். அவள் வாங்கவில்லை. "தேசிக்காப் புளி பட்டா போயிடும் உம்மா. அவங்க வர முதலே எனக்குத் தெரியும்" என்றாள். தெரிந்துகொண்டா அந்தக் கையை நீட்டினாய் என்று கத்தினேன். புத்தகத்தை விரித்துவிட்டாள். கண் மட்டும் நிறைந்திருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்தபோதுதான் விளங்கியது. போன பரீட்சையில் உயிரியலில் ஏ, பௌதிகவியலில் பி எடுத்த பிள்ளை. இரசாயனவியல் ஒன்றில்தான் எஸ், வெறும் பாஸ். இதைத் திருத்தினால் கம்பஸ் கிடைக்கும் என்று வகுப்புச் சேர் சொல்கிறார். பரீட்சை ஓகஸ்டில். வாய் திறந்து வேண்டாம் என்று சொன்னால் உங்கள் வாக்குப் போய்விடும் என்று, கையால் சொல்லியிருக்கிறாள். உங்களைப் போலத்தான், அழுத்தக்காரி.

மாப்பிள்ளையில் ஒரு குறையுமில்லை. நல்ல பிள்ளை என்றால் பரீட்சை முடியும் வரை பொறுப்பார். அதை அவர்களிடம் நான் சொன்னால் பெண்டுகள் கதை என்பார்கள். வாக்குக் கொடுத்தவர் நீங்கள், தவணை கேட்கவும் நீங்கள்தான் வேண்டும்.

வியாழக்கிழமைக்குள் சம்மாந்துறைக்கு ஒரு கோல் எடுங்கள். அதற்கு மனதையும், உங்கள் முதுகுக்குச் சுகத்தையும் அல்லாஹ் தருவானாக. மகள் இன்றும் வகுப்பிலிருந்து அதே கறையோடுதான் வந்தாள். வீட்டில் தேசிக்காய் முடிந்துவிட்டது. நான் வாங்கவில்லை.

உங்கள்,
ஸாலிஹா