ஓரினின் இடதுகைத் துப்பாக்கியும் விதி பதினான்கும்

அனுப்புநர்:
மார்லிஸ் ட்வெய்ட்,
துப்பாக்கிப் பட்டறை,
பழைய தானியக் கிடங்குச் சாலை,
எல்க் ஃபோர்டு, மொன்டானா.

பெறுநர்:
திருமதி இர்மா ஸ்கோல்ட் அவர்கள்,
தலைவர், மாவட்ட ஆணையக் குழு,
எல்க் ஃபோர்டு.

பொருள்: மாவட்டச் சுடுகளத்தின் ஆயிரம் கஜப் போட்டியில் 6.5 மில்லிமீட்டருக்குக் குறைந்த குண்டுகளைத் தடுக்கும் விதி 14-ஐத் திருத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய அம்மையீர்,

1. நான் இவ்வூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் துப்பாக்கி கட்டித் தரும் தொழில் செய்து வருகிறேன். இம்மனு என் வாடிக்கையாளர் திரு. ஓரின் ட்வெய்ட் பொருட்டு எழுதப்படுகிறது. அவர் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். அவர் என் முன்னாள் கணவர் என்பதையும் மறைக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன். விவாகரத்தாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. பெயரை மட்டும் மாற்றவில்லை; பட்டறைப் பலகையை மறுபடி எழுத எனக்குச் சோம்பல்.

2. திரு. ஓரின் ஆயிரம் கஜப் போட்டியில் நான்கு முறை கோப்பை வென்றவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கோவேறு கழுதை உதைத்ததில் வலது கண்ணை இழந்தார். அன்றிலிருந்து அவர் சுடுகளத்தின் பக்கம் வரவில்லை. அவர் எங்கு போனாலும் முதலில் அவருடைய சிரிப்புதான் கேட்கும். அது இந்த ஊரில் கேட்காமல் போயிற்று. இதைச் சான்றாக அல்ல, தகவலாகவே குறிப்பிடுகிறேன்.

3. கடந்த மார்ச் மாதம் அவர் என் பட்டறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை. பிறகு, "இடது தோள்ல வச்சுச் சுடுற மாதிரி ஒண்ணு கட்டித் தர முடியுமா? தொண்ணூறு மைலுக்கு உன்னை விட்டா வேற ஆள் கிடையாது. அதுக்காகத்தான் வந்தேன், வேற எதுக்கும் இல்ல" என்றார். முடியும் என்றேன். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் இடப்பக்கம் திறக்க வேண்டும், கன்னம் பதியும் கட்டை இடது கன்னத்துக்குப் பொருந்த வேண்டும். ஆகவே அவருடைய கன்னத்தை அளவெடுக்க நேர்ந்தது. அளவு சரியாக வர மூன்று முறை எடுத்தேன். மூன்றாவது முறை அவசியமா என்று அவர் கேட்டார். தொழில் விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

4. தகராறு தோட்டாவில் வந்தது. அவர் வாழ்நாளெல்லாம் சுட்டது முந்நூறு மேக்னம் என்ற பெரிய தோட்டா. அதே வேண்டும் என்றார். ஆனால் மீதமுள்ள இடது கண்ணின் விழித்திரையும் வலுவிழந்திருக்கிறது. கண் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில், துப்பாக்கியின் பலத்த உதையைத் தோளில் வாங்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. நான் ஆறு மில்லிமீட்டர் தோட்டாவைச் சொன்னேன். குண்டு மெல்லியது, நீளமானது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், உதை மிகக் குறைவு. துப்பாக்கியின் எடையும் இருபத்தொரு பவுண்டு என்பதால் தோளில் ஒரு தட்டுத் தட்டுவதோடு சரி.

"இது தரை அணில் சுடுற தோட்டா, மார்லிஸ். என்னைப் பார்த்தா அணில் சுடுறவன் மாதிரியா இருக்கு?" என்றார் அவர்.

"உன்னைப் பார்த்தா மிச்சம் இருக்கிற ஒரு கண்ணையும் தொலைக்கப் போறவன் மாதிரி இருக்கு" என்றேன்.

இரண்டு வாரம் பேச்சில்லை. பிறகு நானே அந்தத் துப்பாக்கியைக் கட்டி முடித்து, அவரைக் கூட்டிப் போய், அவர் எதிரில் ஆயிரம் கஜத்தில் ஐந்து குண்டு சுட்டேன். இலக்குத் தாளில் விழுந்த ஐந்து ஓட்டைகளையும் ஒரு சாப்பாட்டுத் தட்டால் மூடிவிடலாம். அவர் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "சரி, அணிலே இருக்கட்டும்" என்றார்.

5. அவர் ஏப்ரல் முதல் ஜூலை வரை வாரம் மூன்று நாள் பயிற்சி செய்தார். இடது விரலால் விசையை இழுக்கப் பழகுவது ஐம்பத்தெட்டு வயதில் எளிதல்ல. முதல் மாதம் அவர் திட்டிய திட்டுகளை அரசாங்கக் காகிதத்தில் எழுத இயலாது. ஜூலையில் திட்டு குறைந்தது, சிரிப்பு கேட்டது.

6. ஆகஸ்ட் 3, சனிக்கிழமை காலை போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சென்றோம். சுடுகள மேற்பார்வையாளர் திரு. வெண்டெல் ப்ராக் தோட்டாவை வாங்கி அளந்து பார்த்துவிட்டு, விதி 14-ஐக் காட்டிப் பெயரைப் பதிய மறுத்தார். சிறிய குண்டு இலக்கான இரும்புத் தகட்டில் பட்டால் சுடும் இடத்திலிருந்து தெரியாது என்பதே விதியின் காரணம்.

"மன்னிக்கணும் ஓரின். ஆயிரம் கஜத்துக்கு அந்தப் பக்கம் கொசு கடிச்சா எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார்.

"ரெண்டு கண்ணு இருக்கிற உனக்கே தெரியலைன்னா, ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டு நான் என்னத்தச் சொல்ல?" என்றார் ஓரின்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், திரு. ப்ராக்கும் சிரித்தார். ஆனால் பெயர் பதியப்படவில்லை. வண்டியில் திரும்பும்போது திரு. ஓரினைப் பார்த்தேன். மார்ச்சில் வாசலில் நின்றபோது இருந்த அதே முகம். அதைப் பார்த்த பிறகுதான் இம்மனுவை எழுத முடிவு செய்தேன்.

7. திரு. ப்ராக் மீது எனக்குக் குறை ஏதுமில்லை. விதியைக் காப்பது அவர் வேலை. அவர் நேர்மையானவர் என்பதால்தான், ஆகஸ்ட் 7 அன்று ஒரு சோதனைக்குச் சம்மதித்தார். தகட்டுக்குப் புதிதாக வெள்ளை அடித்தோம். பள்ளத்தாக்கிலிருந்து இடப்பக்கமாகக் காற்று வீசியது. நான் காற்றின் கணக்கைச் சொல்ல, திரு. ஓரின் பத்துக் குண்டு சுட்டார். தொலைநோக்கி வழியே பார்த்த திரு. ப்ராக், ஆறு பட்டது என்று எழுதினார். பிறகு மூவரும் வண்டியில் போய்த் தகட்டைப் பார்த்தோம். ஒன்பது தடங்கள். முதல் குண்டு மட்டும் தவறியிருந்தது. காற்றை நான் குறைத்துச் சொன்னதே காரணம்.

திரு. ப்ராக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். "விதி எழுதினவன் நான்தான். இந்த மாதிரி அணில் வரும்னு அன்னிக்கு யாருக்குத் தெரியும்?" என்றார்.

8. தடம் தெரியாத குறைக்கு வழி ஏற்கெனவே உள்ளது. குண்டு பட்டால் மின்னும் சிவப்பு விளக்கு ஒன்று முந்நூறு கஜ வரிசையில் பொருத்தப்பட்டுள்ளது. அங்கே வெறுங்கண்ணுக்கே தடம் தெரியும் என்பதால் அதை யாரும் பார்ப்பதில்லை. அதைக் கழற்றி ஆயிரம் கஜத் தகட்டில் மாட்ட அரை நாள் போதும். மாட்டும் வேலையை நானே செய்து தருகிறேன். ஆனால் விதியை மாற்றும் அதிகாரம் தங்கள் குழுவுக்கு மட்டுமே உண்டு.

9. இவ்விதியால் தடுக்கப்படுபவர் ஒருவர் மட்டுமல்ல. பள்ளி வாகன ஓட்டுநர் திருமதி பெர்னீஸ் ஹால் அவர்களுக்குத் தோளில் அறுவை சிகிச்சை ஆகியுள்ளது; பலத்த உதை அவருக்கும் ஆகாது. இன்னும் நால்வர் என்னிடம் வந்து, விதி மாறினால் இதே தோட்டாவுக்குத் துப்பாக்கி கட்டித் தர முடியுமா என்று கேட்டுச் சென்றுள்ளனர். அவர்களில் ஒருவர், சோதனை முடிந்ததும் திரு. ஓரினின் துப்பாக்கியை வாங்கி மூன்று குண்டு சுட்டுப் பார்த்து, இடதுகை போல்ட்டோடு மல்லுக்கட்டிவிட்டு, வலதுகைக்கு ஒன்று வேண்டும் என்று அன்றே சொல்லிவிட்டார். அவர் திரு. வெண்டெல் ப்ராக். தம் விதியின்படி தாமே போட்டியிட முடியாத நிலையில் அவர் இப்போது இருக்கிறார்.

10. ஆகவே, செப்டம்பர் 3 அன்று கூடும் குழுவில் விதி 14-ஐத் திருத்தி, செப்டம்பர் 21 போட்டியில் திரு. ஓரின் ட்வெய்ட் பெயரைப் பதிய ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மருத்துவர் சீட்டின் நகலும் தகட்டின் புகைப்படமும் இத்துடன் உள்ளன.

11. இம்மனுவைத் திரு. ஓரினிடம் படிக்கக் கொடுத்தேன். "பிரிஞ்சு பதினோரு வருஷம் ஆச்சு, இன்னும் எனக்காக வாதாடுறியா?" என்று கேட்டார். நான் கட்டிய துப்பாக்கிக்காகத்தான் வாதாடுகிறேன் என்று பதில் சொன்னேன். அவர் நம்பவில்லை; சிரித்தார். அந்தச் சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது என்று அடுத்த வீட்டார் சொன்னார்கள்.

இடம்: எல்க் ஃபோர்டு
நாள்: ஆகஸ்ட் 19, 2024

தங்கள் நல்ல முடிவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) மார்லிஸ் ட்வெய்ட்

மேற்கண்டவை உண்மை எனச் சாட்சியமளித்து, விதியைத் திருத்த நானும் கோருகிறேன்:
(ஒப்பம்) வெண்டெல் ப்ராக், சுடுகள மேற்பார்வையாளர்