மண்ணுக்குள் இரண்டு மடங்கு

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை போடுகிறீர்கள் என்று நம்ப முயல்கிறேன்.

எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையின் புல்வெளிப் பாத்திகளை இந்த வாரம் உழுதுவிடுவதாக இருந்தார்கள். ஒரே வகைப் புல் வளர்ந்த பாத்தி, பலவகைச் செடிகள் கலந்த பாத்தி இரண்டையும் அறுத்து எடைபோட்டால் பெரிய வித்தியாசமில்லை. "இதுக்கா மேடம் இத்தனை வருஷம்?" என்றார் இயக்குநர். கடைசி முயற்சியாக மண்ணைத் தோண்டி, வேர்களைச் சல்லடையில் கழுவி உலர்த்தினோம். கலப்புப் பாத்தியில் வேர் இரண்டு மடங்கு இருந்தது. வழக்கம்போல் நான் நம்பாமல் வேறு தராசு கேட்டேன்.

"தராசு என்ன உங்க மாமியாரா, இப்படிச் சந்தேகப்பட?" என்றாள் கூட வேலை செய்பவள். இதை அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டாவது தராசும் அதையே சொன்னது. சேற்றுக் கையோடு வாய்விட்டுச் சிரித்தேன். மண்ணுக்குள் நடப்பதைத் தொடர்ந்து பார்க்கலாம் என்று இயக்குநரே சொல்லிவிட்டார். பாத்திகள் பிழைத்தன, என் வேலையும் இன்னும் ஓராண்டு நீள்கிறது.

வீட்டு அலமாரியில் என் படிக்கும் கண்ணாடி இருக்கும், அது வேண்டும். தபாலை நான் நம்புவதில்லை. இங்கே என் அறையில் இன்னொரு நாற்காலி சும்மாதான் கிடக்கிறது. விடுப்பு எடுத்து நீங்களே கொண்டுவாருங்கள்.

வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன். டிக்கெட் எடுத்ததும் சொல்லுங்கள்.

உங்களவள்