புள்ளிக்குப் பின்னால் இருந்தது

மாசி 4, செவ்வாய்.

குடோனில் உளுந்து மூட்டைகளில் பூசணம் பிடித்துவிட்டது. முதலாளி கேட்டதும் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் என்னைக் கைகாட்டினான். "இந்தப் பிள்ளதான் அண்ணாச்சி ஈரம் பாத்து கம்ப்யூட்டர்ல ஏத்துச்சு."

ஏற்றியது நான்தான். ஈரம் பன்னிரண்டு சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால், "புள்ளியெல்லாம் எதுக்கு, முழு நம்பர் தெரிஞ்சா போதும்" என்று, எதை அடித்தாலும் முழு எண்ணாகவே காட்டும்படி எக்செல்லை மாற்றி வைத்தவன் அவன். அவன் மச்சான் அனுப்பிய உளுந்து லோடுக்கு 12.4 என்று அடித்தேன். 12 என்று காட்டியது. அதைக் காட்டியே மூட்டையை உள்ளே ஏற்றச் சொன்னான்.

இன்று சாயங்காலம் புள்ளியைத் திரும்ப வரவைத்தேன். எதுவும் அழியவில்லை. மச்சான் லோடு அத்தனையும் 12.4, 12.3 என்று எழுந்து நின்றன.

நாளை முதலாளி முன்னால் இந்தக் கணக்கைத் திறப்பேன். கல்யாண வீடுகளுக்கு மட்டும் கட்டும் சேலையை அதற்கென்று தேய்த்து வைத்திருக்கிறேன்.